கிரைண்டர் வாங்கினவங்களை வைத்து ஒரு குழு ஆரம்பிக்கலாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

கணபதி_பட்டறை:

வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வெட் கிரைண்டர் பட்டறை. அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கு டேபிள் டாப், டில்டிங், அப்புறம் ஓட்டலுக்கும் மாவுக்கடைக்கும் போகிற பெரிய மெஷின், மூன்றும் போடுகிறோம். பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு ஏஜென்சிக்காரர் வந்து, "இனிமேல் லோக்கல் சேனல் விளம்பரமெல்லாம் வேலைக்கு ஆகாது, பிராண்ட் கம்யூனிட்டி கட்டுங்கள்" என்கிறார். அவர் திட்டம் இது: வாங்கினவர்கள் எல்லோரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது, ஒரு ஆப், ஆப்பைத் திறந்தால் பாயின்ட், இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் இன்னும் பாயின்ட், மாதம் ஒரு சமையல் போட்டி. கேட்கிற தொகை எங்கள் அளவுக்குப் பெரியது.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "கிரைண்டர் வாங்கினவன் பத்து வருஷத்துக்குக் கடைப் பக்கம் வரமாட்டான். அவனோட குழு வச்சு என்ன பண்ணுவே?" எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் அந்தப் பேர் எங்களுக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் பொது. எங்கள் பேரை ஒருவர் எதற்காக நினைவில் வைத்திருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

திருப்பூர்_பின்னல்:

உள்ளூர் பிராண்ட் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம்.

உங்கள் ஏஜென்சிக்காரர் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒரே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பாயின்ட் கொடுப்பது ஒன்று, வாடிக்கையாளர்களைக் கூட்டுவது வேறொன்று. நகைச்சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் வந்த டெபாசிட் விதிகளின்படி முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும், அதனால்தான் கடைகள் எல்லாம் 11 மாதத்தோடு சீட்டை முடிக்கின்றன. அந்த 11 மாதமும் ஒருவர் அதே கடைக்குத் தவறாமல் பணம் கட்டுகிறார். முடிந்ததும் என்ன செய்கிறார்? அடுத்த சீட்டை எங்கே சேதாரம் குறைவோ அங்கே போடுகிறார். ஒரே கடையில் சீட்டுக் கட்டுகிற இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. பேச ஏதாவது இருந்தால்தான் அது கம்யூனிட்டி.

அப்பா சொன்ன கணக்குக்கு ஒரு பதில் உண்டு. கிரைண்டரை ஒருவர் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் வாங்குகிறார், சரி. ஆனால் நம் பக்கத்தில் கல்யாணச் சீரில் கிரைண்டர் இல்லாமல் இருக்குமா? மகளுக்குச் சீர் வாங்கும்போது அம்மா எந்தக் கம்பெனி பெயரைச் சொல்கிறார், அக்கம்பக்கம் கேட்டால் எதைச் சொல்கிறார் என்பதில்தான் உங்கள் அடுத்த விற்பனை இருக்கிறது. மறுபடி வாங்குவதை மட்டும் எண்ணினால் அது கண்ணிலேயே படாது.

ரோட்கிங்_பொள்ளாச்சி:

கம்பெனியே இல்லாமல் ஓடிய ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நானும் ஒருவன்.

முதலில் ஜாவா, அப்புறம் யெஸ்டி என்ற பெயரில் பைக் செய்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அதற்கப்புறம் ஷோரூம் இல்லை, சர்வீஸ் இல்லை, விளம்பரம் இல்லை, புதுசாக உதிரி பாகமும் இல்லை. ஒரு பிராண்ட் சாக இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் சாகவில்லை. எந்த ஊரில் எந்த மெக்கானிக்குக் கிராங்க் செட் பண்ணத் தெரியும், யாரிடம் கார்புரேட்டர் இருக்கிறது, எந்தப் பழைய இரும்புக் கடையில் டேங்க் கிடைத்தது என்று வண்டி வைத்திருந்தவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு உலக ஜாவா தினம் என்று ஊருக்கு ஊர் கூடுகிறோம். எங்கள் ஆட்கள் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுவார்கள். 40 கொண்டை ஊசி வளைவு, டூ ஸ்ட்ரோக் புகை, நடுவில் ஏதாவது ஒரு வண்டி நிற்கும். நின்றால் மொத்தக் கூட்டமும் நிற்கும். பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் யாராவது உதைத்துக் கிளப்பிவிடுவார்கள். கிக்கரை மடக்கினால் அதுவேதான் கியர் லீவர் என்பதைப் புதுசாக வந்த பையனுக்குச் சொல்லிக் கொடுப்பதில் எங்கள் பெருசுகளுக்கு இருக்கிற சந்தோஷமே தனி.

அப்புறம் கிளாசிக் லெஜண்ட்ஸ் கம்பெனி 2018இல் ஜாவாவையும் 2022இல் யெஸ்டியையும் திரும்பக் கொண்டுவந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஷோரூமில் இல்லாத ஒரு பெயரைக் காசு போட்டு எடுக்கத் தோன்றியதென்றால், அந்தப் பெயரை அதுவரை யார் காப்பாற்றி வைத்திருந்தார்கள் என்று யோசியுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: உங்கள் மெஷினை வைத்திருப்பவர்களுக்கு ஒருவர் தயவு இன்னொருவருக்குத் தேவைப்படுகிற இடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பைக்குக்கு அது பிரேக்டவுன். கிரைண்டருக்கு என்னவென்று எனக்குத் தெரியாது.

வடவள்ளி_மாவுக்கடை:

எனக்குத் தெரியும் தம்பி. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துச் சுற்றியுள்ள அபார்ட்மெண்டுகளுக்கும் இரண்டு மளிகைக் கடைக்கும் போடுகிறேன்.

வீட்டுக் கிரைண்டர் வாங்கினவங்களுக்குக் குழு எதற்கு? வாரத்தில் இரண்டு நாள் அரைப்பார்கள், அவர்களுக்குச் சந்தேகமும் வராது, பேச்சும் வராது. எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் தினமும் கண்டம். விடியக்காலை மூன்று மணிக்கு உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் மோட்டார் 'உம்ம்'முன்னு உறுமுது, கல்லு சுத்தலை. அந்த நேரத்துக்கு எந்த மெக்கானிக் போன் எடுப்பான்? ஊறின உளுந்து காத்திருக்குமா?

எங்க பக்கம் மாவு விற்கிறவர்கள் நாங்களே ஒரு குழு வைத்திருக்கிறோம். அன்றைக்கு அதில் புலம்பினேன். தொண்டாமுத்தூர் அக்கா ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "முதல்ல பிளக்கைப் பிடுங்கு. பெல்ட்டைக் கழட்டிட்டுக் கையில புல்லியைச் சுத்திப் பாரு. லேசா சுத்துதா? இப்ப பெல்ட் இல்லாமப் போட்டுப் பாரு. அப்பவும் உறுமுனா கெபாசிட்டர் போச்சு. நல்லா ஓடுச்சுன்னா பாரம் ஜாஸ்தி, இல்ல பேரிங் இறுகியிருக்கு." கெபாசிட்டர்தான். அவரிடமே ஒன்று உபரியாக இருந்தது, மகனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். எங்க வீட்டுக்காரர் கரண்ட்டை ஆஃப் பண்ணி அவரே மாட்டினார். அன்றைக்கு ஒரு பாக்கெட் கூடக் குறையவில்லை.

அந்தக் குழுவில் எல்லாக் கம்பெனி மெஷினும் இருக்கிறது. சித்திரை வெயிலுக்கு மாவு சீக்கிரம் புளித்துப் போனால் என்ன பண்ணுவது, மார்கழியில் பொங்காமல் இருந்தால் என்ன பண்ணுவது, எந்த லாட் உளுந்து உபரி காண்கிறது, பாக்கெட் கவர் எங்கே மலிவு, இதுதான் பேச்சு. யாராவது புதுசாக மெஷின் எடுக்கப் போனால் எங்களைக் கேட்காமல் எடுப்பதில்லை. உங்க கம்பெனி ஆள் யாரும் அந்தப் பேச்சில் இல்லை. வேற கம்பெனி ஆளும் இல்லை.

ஈரோட்டுச்_சந்தேகம்:

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே போகிறேன்.

வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் வாங்கினோம். பெயர் வேண்டாம். அவர்களும் "குடும்பம்" என்று ஒரு குழுவில் சேர்த்தார்கள். காலையில் குட் மார்னிங், பண்டிகைக்கு வாழ்த்து, நடுநடுவே "ஃபில்டர் மாற்றும் சலுகை". சர்வீஸ் ஆள் சொன்ன தேதிக்கு வரவில்லை என்று நான் எழுதினேன். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். சாயங்காலமே "அட்மின் மட்டும் எழுதலாம்" என்று மாற்றிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் எங்களுக்கு வாயில்லை.

இன்னொன்று. ஜேக்கப் நீல்சன் என்பவர் 2006இல் எழுதிய ஒரு கணக்கு உண்டு: இணையக் குழுக்களில் நூறு பேரில் தொண்ணூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். துல்லியமான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் எந்தக் குழுவைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. ஆயிரம் பேரைச் சேர்த்துவிட்டோம் என்று ஏஜென்சிக்காரர் கிராஃப் காட்டுவார். உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பத்துப் பேர்தான். அதற்கு ஆப் எதற்கு?

பீளமேடு_வகுப்பறை:

எம்.பி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனிஸ், ஓகின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட கட்டுரைக்கு அப்புறம்தான் 'பிராண்ட் கம்யூனிட்டி' என்ற பேச்சு பரவியது. மேக் கம்ப்யூட்டர், சாப் கார், ஃபோர்டு பிராங்கோ வைத்திருந்தவர்களைப் போய்ப் பார்த்து எழுதினார்கள். மூன்று அடையாளம் சொன்னார்கள். நாம் ஒரே ஆட்கள் என்ற எண்ணம், திரும்பத் திரும்பச் செய்கிற சடங்குகளும் சொல்லிக்கொள்கிற பழங்கதைகளும், ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர் போய் நிற்க வேண்டும் என்ற கடமை உணர்வு. பொள்ளாச்சிக்காரர் வால்பாறை ரோட்டில் நின்றதையும் வடவள்ளி அக்காவுக்குக் கெபாசிட்டர் வந்ததையும் படித்தபோது எனக்கு மூன்றாவது அடையாளம்தான் ஞாபகம் வந்தது. நம் ஊரில் ஒவ்வொரு கூட்டத்துக்காரரும், அதாவது ஒரே குலத்துக்காரர்கள், வருஷம் ஒருமுறை குலதெய்வம் கோயிலில் கூடி, முன்பின் தெரியாதவரைக் கூடப் பங்காளி என்று பந்தியில் உட்கார வைப்பதில் இந்த மூன்றும் இருக்கிறது.

அடுத்த வருஷம் 2002இல் ஜீப் வைத்திருப்பவர்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. கம்பெனி நடத்திய கூடுகைகளுக்கு வந்தவர்களில் பலர், நமக்கும் இந்தக் கூட்டத்துக்கும் ஒத்துவருமா என்று தயங்கித் தயங்கி வந்தவர்கள். திரும்பிப் போகும்போது வண்டியோடும், கம்பெனியோடும், மற்ற ஜீப்காரர்களோடும் நெருக்கம் கூடியிருந்தது. அதனால் 'ஏற்கெனவே வெறியாக இருப்பவர்கள்தான் வருவார்கள்' என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தயங்கினவரை உள்ளே இழுக்கிற வேலையைக் கூடுகை செய்கிறது.

ஹார்லி டேவிட்சன் கதையை ஏஜென்சிக்காரர் கட்டாயம் சொல்லியிருப்பார். 1981இல் கம்பெனியின் நிர்வாகிகளே சேர்ந்து தாய்க் கம்பெனியிடமிருந்து அதை வாங்கினார்கள். பண நெருக்கடி கழுத்தைப் பிடித்த நேரத்தில் 1983இல் ஓனர்ஸ் குரூப் என்று பைக் வைத்திருப்பவர்களுக்கான குழுவை ஆரம்பித்தார்கள். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கும்: பெரிய பெரிய அதிகாரிகளே பைக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கூடுகைகளுக்குப் போய், வாடிக்கையாளர்களோடு சேர்ந்து ஓட்டினார்கள். அந்த வேலையை ஏஜென்சிக்குக் குத்தகைக்கு விட முடியாது.

ஈரோட்டுச்_சந்தேகம்:

சார், ஆய்வெல்லாம் சரி. ஆனால் குலதெய்வக் கோயிலை இதில் இழுக்காதீங்க. அங்கே யாரும் காசு கொடுத்துச் சேர்வதில்லை, பிடிக்கவில்லை என்று வெளியே போகவும் முடியாது. பிறந்தவனுக்கு மட்டும்தான் இடம். கிரைண்டருக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டாம், நாளைக்கே கம்பெனி மாறலாம். மாறலாம் என்று தெரிந்தும் மாறாமல் இருப்பதைத்தானே விசுவாசம் என்கிறோம்?

பீளமேடு_வகுப்பறை:

அது நியாயமான வாதம். வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.

அவிநாசி_ரீவைண்டிங்:

நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். படிப்பு குறைவு, ஆனால் எந்த மெஷின் எப்படி விற்கிறது என்று எனக்குத் தெரியும்.

கிணற்றுக்கு மோட்டார் வாங்குகிற விவசாயி முதலில் யாரைக் கேட்பார்? டிவியையா? ரீவைண்டிங் கடைக்காரனைத்தான். "எந்த மோட்டார் உன் கடைக்கு அடிக்கடி வருது?" என்று கேட்பார். அடிக்கடி வருவதை விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பார். கிரைண்டருக்கும் அதே கதைதான். பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். டப்பாவுக்குள் பெயிண்டருக்கு டோக்கன் வைக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பெயிண்ட் என்று பெயிண்டர்தானே சொல்கிறார்!

டோக்கனோடு நிறுத்தினால் அதுவும் பின்னல்காரர் சொன்ன நகைச்சீட்டுதான், எவன் டோக்கன் பெரிசோ அவன் பக்கம் சாய்வார்கள். ஃபெவிகால்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். தச்சு வேலை செய்கிறவர்களுக்கென்று சாம்பியன்ஸ் கிளப் வைத்தார்கள். அந்தத் தச்சர்கள் ஒரு நாள் பள்ளிக்கூடங்களுக்குப் போய் உடைந்த பெஞ்சையும் மேசையையும் கூலி வாங்காமல் சரி செய்து கொடுப்பார்கள். என் கடைக்கு வருகிற ஆசாரி ஒருத்தர் இந்த மாதிரி வேலைக்குப் போய்வந்தால் ஒரு வாரத்துக்கு அதைத்தான் பேசுவார். தன் தொழிலுக்கு ஒரு மரியாதை கிடைத்த மாதிரி. பசையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை, ஆனால் வேறு பசை வாங்கியும் நான் பார்த்ததில்லை.

தம்பி, உங்க மெஷினைச் சர்வீஸ் பண்ணுகிற மெக்கானிக்குகள் கோபியிலும் தாராபுரத்திலும் பல்லடத்திலும் இருப்பார்கள். அவர்கள் பேராவது உங்களுக்குத் தெரியுமா? பெல்ட் சைஸ் மாற்றினீர்கள் என்றால் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்கிறீர்களா? கஸ்டமர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிகிறது.

கணபதி_பட்டறை:

மாமா சொன்னது நறுக்கென்று இருந்தது. டீலர் பட்டியல் இருக்கிறது, மெக்கானிக் பட்டியல் இல்லை. அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். வடவள்ளி அக்கா கதையைக் கேட்டதும் "அது நம்ம மெஷினா பாரு" என்றார், அவ்வளவுதான்.

இரண்டு கேள்வி. அக்கா, உங்கள் குழுவில் எங்களை மாதிரி கம்பெனி ஆளைச் சேர்த்துக்கொள்வீர்களா? ஈரோட்டு அண்ணா சொன்ன மாதிரி புகார் வந்தால் எப்படிச் சமாளிப்பது?

வடவள்ளி_மாவுக்கடை:

குழுவுக்குள் வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாதீங்க. கம்பெனி ஆள் உள்ளே வந்தால் நாங்க மனசு விட்டுப் பேச மாட்டோம். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம், வந்து சந்தேகம் தீர்த்துவிட்டுப் போங்க. அதே மாதிரி நீங்களாகக் குழு ஆரம்பித்தாலும் பொம்பளைகள் நம்பரைக் கேட்காமல் போட்டுவிடாதீங்க. சாதாரணக் குழுவில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஒரு மளிகைக் கடைக் குழுவில் சேர்த்ததற்கப்புறம் ராத்திரி பத்து மணிக்கு எவனோ "ஹாய்" அனுப்பிக்கொண்டிருந்தான், அன்றோடு வெளியே வந்துவிட்டேன்.

திருப்பூர்_பின்னல்:

அக்கா சொன்னது முக்கியம். வாட்ஸ்அப்பிலேயே 'கம்யூனிட்டி' என்ற வசதி இருக்கிறது, அதன் அறிவிப்புக் குழுவில் இருப்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. பிராட்காஸ்ட் என்றால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். எதுவானாலும் கேட்டுவிட்டுச் சேர்ப்பது நல்லது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது.

புகார் விஷயம். கோக கோலா 1985இல் சுவையை மாற்றியது. அதற்கு முன்னால் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லி, புதுசுதான் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார்கள். ஏப்ரலில் கொண்டுவந்தார்கள், ஜனங்கள் போன் போட்டும் கடிதம் எழுதியும் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள், 79 நாளில் பழைய சுவை திரும்பி வந்தது. கத்தினவர்கள் யார்? அதுவரை அதைக் குடித்தே வளர்ந்தவர்கள். அக்கறை இல்லாதவன் பேசாமல் பெப்சிக்குப் போயிருப்பான். குழுவில் ஒருவர் திட்டுகிறார் என்றால் இன்னும் உங்களிடம் எதிர்பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வாயை அடைத்தால், அந்தத் தண்ணீர் மெஷின் கம்பெனிபோல, அவர் வேறொரு இடத்தில் வந்து எழுதுவார். இதோ இங்கே எழுதியிருக்கிறார் பாருங்கள்.

யோசனை கேட்டால் கூலியும் கொடுங்கள் என்பேன். லெகோ பொம்மைக் கம்பெனி வாடிக்கையாளர்களிடமே டிசைன் கேட்கிறது. 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் கம்பெனி பரிசீலிக்கும். தேர்வாகி விற்பனைக்கு வந்தால், செய்தவர் பெயரும் வரும், நிகர விற்பனையில் ஒரு சதவீதமும் அவருக்குப் போகும். மாவுக்கடைக்காரர் ஒருவர் மாவு வழிப்பதற்கு நல்ல யோசனை சொல்லி அது உங்கள் அடுத்த மாடலில் வந்தால், குறைந்தது ஒரு மெஷினாவது கொடுங்கள். "நன்றி" என்று ஒரு இமோஜி போட்டு முடித்துவிடாதீர்கள்.

ரோட்கிங்_பொள்ளாச்சி:

அப்படியே உதிரி பாகத்தையும் கவனியுங்கள். பழைய மாடல் டிரம்முக்கும் பெல்ட்டுக்கும் ஸ்டாக் வைத்திருக்கிற கம்பெனிக்கு எங்கள் ஊரில் கோயில் கட்டுவோம். யெஸ்டிக்காரன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கணபதி_பட்டறை:

அப்பாவிடம் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஆப் வேண்டாம், பாயின்ட் வேண்டாம், ஏஜென்சிக்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். வீட்டுக் கிரைண்டர் வாங்கினவர்களை இப்போதைக்குத் தொந்தரவு செய்வதில்லை. வாரன்டி கார்டில் ஒரு நம்பர், கூப்பிட்டால் ஆள் எடுப்பார், அது போதும்.

கமர்ஷியல் மெஷின் வைத்திருக்கும் மாவுக்கடைக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கே கூப்பிடலாம் என்று யோசனை. மெஷினைப் பிரித்துப் போட்டு கெபாசிட்டர், பெல்ட், பேரிங் எப்படிப் பார்ப்பது என்று அப்பாவே காட்டுவார், பதிலுக்கு அவர்கள் குறை சொல்லட்டும். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: குறை சொல்லும்போது நான் குறுக்கே பேசக்கூடாதாம். விடியக்காலை மூன்று மணிக்குப் போன் எடுக்க ஒரு ஆளை முறை வைத்துப் போடலாமா என்றும் பார்க்கிறோம், அதில்தான் பட்டறைப் பசங்களிடம் இன்னும் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆவணி மாதம் வைக்கலாமா?

வடவள்ளி_மாவுக்கடை:

ஆவணியில் முகூர்த்த ஞாயிறாகப் பார்த்து வைத்துவிடாதீங்க தம்பி. அன்றைக்குத்தான் எங்களுக்குக் கல்யாண மண்டப ஆர்டர் வரும், ஒருத்தரும் வர முடியாது. காலையிலும் வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் என்றால் எங்க பக்கத்திலிருந்து ஒரு வேன் பிடித்து வந்துவிடுகிறோம்.

அவிநாசி_ரீவைண்டிங்:

அக்கா சொன்ன நேரம் எனக்கும் தோது. பழைய மாடல் மெஷின் ஒன்றையும் பிரித்து வையுங்க, புதுசு எங்களுக்கு இன்னும் ரிப்பேருக்கே வரவில்லை.